கத்திரி வெயிலில் துப்பறியும் கதைகள்: ஒரு செட்டிநாட்டு நாட்குறிப்பு

மே 11

எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறி, இரவு காரைக்குடி வந்து சேர்ந்தாயிற்று. பையில் நான்கு சேலை, ஐந்து புத்தகம்.

மே மாதத்தில் துப்பறியும் கதை படிப்பது எனக்குப் பத்து வயதில் தொற்றிய வழக்கம். திருச்சியில் பெரியம்மா வீட்டு மாடி. பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவலைச் சித்தப்பா வாங்கி வருவார். அவர் படித்து முடித்ததும் எங்கள் கைக்கு வரும். அட்டை கிழிந்திருக்கும், சில சமயம் கடைசிப் பக்கமும். இப்போது நானே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. பள்ளிக்கூடம் மூடியதும் கை தானாக அந்த மாதிரிப் புத்தகத்தைத்தான் தேடுகிறது.

இந்த வருடம் ஒரு முடிவு செய்தேன். ஊர் முக்கியமாக வரும் கதைகளை மட்டும் எடுத்துக்கொள்வது, அதையும் நல்லதோர் ஊரில் உட்கார்ந்து படிப்பது. கல்லூரித் தோழியிடம் சொன்னபோது, "எங்க வீட்டுக்கு வா. அப்பத்தாவுக்கும் துணையா இருக்கும்" என்றாள். கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர்.

ஊர் முக்கியம் என்றால் வர்ணனை நிறைய இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதையை அந்த ஊரிலிருந்து பிடுங்கி வேறோர் ஊரில் நட்டால் அது பட்டுப்போக வேண்டும். என் அளவுகோல் அவ்வளவுதான். ரயிலில் படித்தது அகதா கிறிஸ்டியின் நைல் நதிக் கதை, 1937ல் வந்தது. எனக்கு இது மூன்றாவது தடவை. அவர் எகிப்தை நேரில் பார்த்தவர். கணவர் தொல்லியல் அறிஞர் என்பதால் மேற்காசிய அகழாய்வுகளில் மாதக்கணக்கில் கூடாரத்தில் இருந்தவர். அபு சிம்பெல் கோயில் வரும் இடமெல்லாம் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அந்தக் கப்பலை வேறு எந்த ஆற்றில் விட்டாலும் அந்தக் கொலை அப்படியே நடந்துவிடும். பணக்காரப் பெண், பொறாமை, ஒரே படகில் மாட்டிக்கொண்ட ஆட்கள், இவைதான் கதை. நைல் பின்னால் தொங்கும் படுதா. எனக்கு மிகவும் பிடித்த புத்தகம்தான். இருந்தாலும் இந்தப் பயணத்துக்கான புத்தகம் அது இல்லை என்று புதுக்கோட்டை தாண்டும்போது தோன்றிவிட்டது.

திருமயம் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. கோட்டை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்பத்தாவுக்கு வயது 84. தோழிக்கு அப்பத்தா, எனக்கு ஆச்சி. திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாத்தா, ரயிலு நேரத்துக்கு வந்துருச்சா?" இட்லியும் கத்தரிக்காய் கோசமல்லியும். சாப்பிட்டதும் கண் சொக்கிவிட்டது. வீட்டைக் காலையில்தான் பார்க்க வேண்டும்.

மே 12

பார்த்தேன். எங்கிருந்து சொல்வது என்று தெரியவில்லை. தலைவாசலிலிருந்தே சொல்கிறேன்.

தலைவாசல் நிலையில் நின்று உள்ளே பார்த்தால் முகப்பு, முற்றமுள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வாசலுக்குள் வாசலாகப் போய், கடைசியில் நகத்தளவு வெளிச்சம். அது பின்வாசல், அடுத்த தெரு. ஒரு தெருவில் நுழைந்து இன்னொரு தெருவில் வெளியே போகலாம். வீட்டின் வெளிச்சுவர் நீளம் நடந்தே சலித்துப்போகிறது. வெளியே பத்து மணிக்கே கண் கூசும் வெயில். வளவின் பட்டாலை மேடையில் உட்கார்ந்தால் மின்விசிறிகூட வேண்டியிருக்கவில்லை. கனத்த சுவர், உயரக் கூரை, நடுவில் திறந்த முற்றம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவரில் கையை வைத்தால் பானையைத் தொட்ட மாதிரி இருக்கிறது.

தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சுக்குள் நிறச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் வேகவைப்பது கிடையாது. அடியிலிருக்கும் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. வெறுங்காலோடு இதில் நடந்தால் சத்தமே கேட்பதில்லை. ஆச்சி என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. துப்பறியும் கதை வாசகிக்கு இதைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

இன்றைய புத்தகம் கோனன் டாயில் எழுதிய பாஸ்கர்வில் நாய்க் கதை, தமிழ் மொழிபெயர்ப்பு. 1901, 1902ல் லண்டன் பத்திரிகையில் தொடராக வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம். மரமில்லாத புல்வெளி, கருங்கல் குன்று, கால் வைத்தால் இழுத்துக்கொள்ளும் சதுப்பு. நடுவே பிரின்ஸ்டவுன் என்ற ஊரில் பெரிய சிறைச்சாலை. டாயில் அங்கே போய்த் தங்கி, ஃப்ளெட்சர் ராபின்சன் என்ற நண்பரோடு மேடெல்லாம் நடந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். அந்த நண்பர் வீட்டு வண்டிக்காரர் பெயரே பாஸ்கர்வில்தான். சிறைச்சாலையும் கதைக்குள் வருகிறது, தப்பியோடிய கைதியாக. சதுப்பைத் தாண்டும் தடம் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு வேறு நியாயம். இதைப் பிடுங்கி வேறெங்கே நடுவது? இது பட்டுப்போகும் ரகம்.

இன்னொன்றும் இந்தத் தடவைதான் கவனித்தேன். கதையின் நடுப்பகுதியில் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் இல்லவே இல்லை. அவர் நண்பர் வாட்சன்தான் அந்தப் பழைய வீட்டில் தங்கி, பார்த்ததையெல்லாம் கடிதமாகவும் நாட்குறிப்பாகவும் எழுதுகிறார். எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று அவருக்குத் தெரியாததால் ஊர் முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. புத்திசாலி அங்கே இருந்திருந்தால் நமக்கு ஊர் கிடைத்திருக்காது.

ஓர் இடத்தில் சுவரில் மாட்டிய முன்னோர் ஓவியங்கள் வருகின்றன. அதற்கு மேல் சொல்லமாட்டேன். படித்துவிட்டு நிமிர்ந்தால் எனக்கு எதிரேயும் வரிசையாகப் படங்கள். தலைப்பாகை, கடுக்கன், வெற்று மார்பில் உத்திராட்சம். தோழியின் ஐயா, அதாவது தாத்தா, பாட்டையா, அவருக்கும் மூத்தவர். ஒரே மூக்கு.

சாயங்காலம் நோட்டை எடுத்து வீட்டின் வரைபடம் போட்டேன். பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் முன்பக்கத்தில் வீட்டின் படம் இருக்குமே, அந்த மாதிரி. வாசல்கள், மாடிப்படி, அறைகள். ஆச்சி சீயத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். இங்கே மாலைச் சிற்றுண்டிக்கு இடைப்பலகாரம் என்று பெயர். எதற்குப் படம் என்று கேட்டார். கொலைகாரன் எங்கே ஒளிவான் என்று பார்க்கிறேன் என்றேன்.

ஆச்சி படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"எல்லாக் கதவையும் திறந்து போட்டுட்டியே ஆத்தா. இதுல எட்டு அறை பூட்டுல்ல கெடக்கு."

வளவைச் சுற்றி 10 அறை. ஒவ்வோர் ஆண்மகனுக்கும் கல்யாணமானதும் ஓர் அறை பங்கு. கல்யாணமானவரைத்தான் ஒரு புள்ளி என்று கணக்கு. தலைமுறை பெருகப் பெருகப் பங்கும் பிரிந்து இப்போது இந்த வீட்டில் 18 புள்ளி. சாவிகள் சென்னையில், கோயம்புத்தூரில், பெங்களூரில், ஒன்று கோலாலம்பூரில். வளவும் முகப்பும் எல்லோருக்கும் பொது. அறை மட்டும் அவரவருக்கு. ஆச்சியால் இந்த வீட்டின் எந்த இடத்திலும் உட்காரலாம், ஆனால் எட்டு அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது.

"இங்க பொணம் எதுக்குத்தா? சாமானே போதும்" என்றார் அப்புறம்.

பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானெல்லாம் சிட்டையில் ஏறும். வெள்ளி, பித்தளை, மங்கு, மரம், பாய், விசிறி வரைக்கும். பாத்திரத்தில் பேரெழுத்து வெட்டுவார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் காணாமல்போன வெள்ளிக் கெண்டி ஒன்றைப் பற்றி ஆச்சி அரைமணி நேரம் சொன்னார். கடைசியாக அதை வைத்து யாருக்குத் தண்ணீர் கொடுத்தது, அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் பின்வாசல் வழியாகப் போனார்கள். அவர் சொன்ன ஒழுங்கில் எந்தத் துப்பறிவாளரும் சொல்லமுடியாது. யார் மேல் சந்தேகம் என்றும் சொன்னார். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

மே 13

கோட்டையூர் போய்விட்டுக் காரைக்குடி.

கோட்டையூரில் பார்ப்பதற்கு என்று நான் போகவில்லை. ரோஜா முத்தையா செட்டியார் இருந்த ஊர் என்பதற்காகப் போனேன். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் தமிழில் அச்சானதையெல்லாம் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, எதையும் விடவில்லை. புத்தகமும் இதழுமாகச் சுமார் ஒரு லட்சம். 1992ல் அவர் மறைந்தார். அதன் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கடல் தாண்டிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே வைத்து, 1994ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. இப்போது தரமணியில் இருக்கிறது.

இதை இந்தப் பயணத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. ஜே.ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் 1908ல் வந்தது, துப்பறியும் கோவிந்தன் அதிலேயே வந்துவிடுகிறார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி அய்யங்கார் ஒரு நாவலுக்குக் கும்பகோணம் வக்கீல் என்றே பெயர் வைத்தார். தலைப்பிலேயே ஊர்! வீடு வீடாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் எடைக்குப் போட்டார்கள். இது இலக்கியமில்லை என்று சொல்லிப் பெரியவர்கள் பாதுகாக்காமல் விட்டதையும், இது நல்லது, இது மட்டம் என்று பிரிக்காமல் அடுக்கி வைத்தவர் இந்த மனிதர். அந்தக் காலத்து நாவல்கள் சிலவற்றை நான் முதலில் தொட்டுப் பார்த்ததே அவர் பெயரிலுள்ள நூலகத்தில்தான். துப்பறிகிறவருக்கு எது தடயம் என்று முன்கூட்டியே தெரியாது, எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். அவர் செய்தது அதைத்தான். தெருவில் நின்று ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகள். பெரியவை, சின்னவை, வாசல்வரை அடைத்துக்கொண்டு. தேக்குத் தூண், நிலைக்கதவு, ரவிவர்மா அச்சுப்படம், மங்குத் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இரும்புப் பெட்டி, ஓலைக் கொட்டான். வீடு இடிபடும்போது இங்கே வந்து சேர்கின்றன. முதலில் கண் நிறைந்துபோனது. அரைமணி நேரத்தில் மனசு கனத்துவிட்டது. பேரெழுத்து வெட்டிய சொம்பு ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். "வ.சி." என்றிருந்தது. நேற்று ஆச்சி ஒரு கெண்டிக்கு அரைமணி நேரம் சொன்னார். இந்தச் சொம்புக்குச் சொல்ல ஆளில்லை. சிட்டை ஓரிடத்தில், சாமான் ஓரிடத்தில். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் வாங்காவிட்டால் உருக்கத்தான் போயிருக்கும். எதையும் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மே 14

எங்கும் போகவில்லை. வெயில் அப்படி. மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, பட்டாலையில் தலையணையைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

டோரதி சேயர்ஸ் 1934ல் எழுதிய மணிகள் கதை. இங்கிலாந்தின் கிழக்கில் ஃபென்ஸ் என்ற தாழ்நிலம். சதுப்பை வடித்து எடுத்த வயல், எங்கும் கால்வாய், மதகு, கரை. நடுவே ஒரு கிராமத்துத் தேவாலயம், அதில் எட்டு மணி. கணக்குப்போட்டு வரிசை மாற்றி மாற்றி அடிப்பார்கள், மணிக்கணக்காக. ஒவ்வொரு மணிக்கும் பெயர் உண்டு. சேயர்ஸ் அந்தத் தாழ்நிலத்தில் வளர்ந்தவர், தந்தை அங்கே பாதிரியார். மணியடிக்கும் பகுதிகள் சிலருக்கு அலுக்கும். விட்டுவிடாதீர்கள். அந்த மணிகளையும் அந்த வெள்ளத்தையும் எடுத்துவிட்டால் குற்றமும் இல்லை, விடையும் இல்லை. ஐந்தில் எனக்கு முதல் இடம் இதற்குத்தான்.

அங்கே தண்ணீர் வந்துவிடுமோ என்று பயம். இங்கே வராமல் போய்விடுமோ என்று. ஊருக்கு ஊரணி, கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் வளவு முற்றத்தில் இறங்க வேண்டும், அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வடிகாலில் போய் ஊரணி சேர வேண்டும். இந்த வறண்ட மண்ணில் இவ்வளவு பெரிய வீடுகள் நிற்பதற்குப் பின்னால் அந்த ஏற்பாடு இருக்கிறது. இங்கே ஒரு கதை எழுதினால் முதல் அத்தியாயத்தில் ஊரணி வற்ற வேண்டும், அடியில் ஏதோ தெரிய வேண்டும். ஆச்சியிடம் சொன்னேன். "வத்துனா தூருதான் தெரியும்" என்றார். இரவு வெள்ளைப் பணியாரம், மிளகாய்ச் சட்னி.

மே 15

தேவகோட்டைக்குப் பேருந்தில். சன்னலோர இடம், மடியில் டோனி ஹில்லர்மன் நாவல். அமெரிக்காவின் தென்மேற்கில் நவஹோ மக்களின் பாலைநிலம், அவர்கள் காவல்துறையைச் சேர்ந்தவரே துப்பறிவாளர். மணலில் தடம் பார்ப்பது, உறவுமுறை கேட்பது, இப்படித்தான் விசாரணை நகரும். ஹில்லர்மன் அந்த இனத்தவர் இல்லை. ஆனாலும் 1987ல் நவஹோ மக்கள் தங்கள் சிறப்பு நண்பர் என்று அவருக்கு விருது கொடுத்தார்கள். ஓர் ஊரைப் பற்றி எழுதியதை அந்த ஊரே ஏற்றுக்கொள்வதைவிட ஒரு கதாசிரியருக்கு என்ன வேண்டும்?

தேவகோட்டை, சங்கர்லால் துப்பறியும் கதைகளை எழுதிய தமிழ்வாணன் பிறந்த ஊர். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கல்கண்டு பத்திரிகை, சங்கர்லால். சின்ன வயதில் சங்கர்லால் விமானத்தில் ஏறினால் நானும் ஏறிவிடுவேன். தமிழ்த் துப்பறிவாளர் ஒருவர் இவ்வளவு சர்வசாதாரணமாக வெளிநாடு போய்வருகிறாரே என்று அப்போது ஆச்சரியம். இங்கே தெருக்களில் நடந்து பார்த்தபோது அது ஆச்சரியமாகத் தெரியவில்லை. ரங்கூன், பினாங்கு, சைகோன் என்பதெல்லாம் இந்த ஊர்களில் பக்கத்து வீட்டுப் பேச்சு. கொண்டு விற்கப் போனவர்களும், அவர்களிடமிருந்து வந்த தபாலும், கப்பலில் வந்த தேக்கும் இல்லாத தெருவே கிடையாது. உலகப் படத்தைத் திண்ணையில் விரித்து வைத்திருந்த ஊரிலிருந்து அப்படி ஒரு துப்பறிவாளர் வருவது பொருத்தம். இது என் எண்ணம்தான், எங்கும் எழுதிப் பார்த்ததில்லை.

ஆனால் சங்கர்லால் தேவகோட்டையில் துப்பறிந்த கதை எதுவும் நான் படித்ததில்லை. அது கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் சுஜாதாவின் கரையெல்லாம் செண்பகப்பூ. நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க ஒரு கிராமத்துக்கு வருகிறவன், பழைய ஜமீன் வீடு, இரவில் சத்தங்கள். பட்டணத்துக்காரன் கண்ணால் ஊரைப் பார்ப்பதும், ஊர் அவனைப் பார்ப்பதும் சேர்ந்து வருகின்றன. பெண்கள் பாடுகிற பாட்டும் கதையும் ஒன்றையொன்று விடாமல் போகின்றன. தமிழில் என் அளவுகோலுக்கு நிற்கும் புத்தகம் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் கார். பங்காளி ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து. தோழிக்கு அண்ணன் முறை. ஆவணியில் மகள் கல்யாணம், சாமான் எடுக்க வந்திருக்கிறார். கையில் சாவி, ஒரு முழங்கை நீளம்.

நாளைக் காலையில் மூன்றாவது அறை திறக்கிறார்கள். இன்றைக்குத் தூக்கம் வருமா தெரியவில்லை.

மே 16

காலை ஏழரை. வெயிலுக்கு முன்னே வேலையை முடிக்க வேண்டும் என்றார் ஆச்சி. அண்ணன் சாவியை இரண்டு கையாலும் திருப்பினார். பூட்டு இரண்டு தடவை சத்தம் போட்டது. உள்ளே எண்ணெயும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. சன்னல் திறந்ததும் தூசியில் வெளிச்சம் கம்பியாக விழுந்தது. தரையிலிருந்து ஆளுயரத்துக்குப் பாத்திரம்.

ஆச்சி உள்ளே வரவில்லை. அது அவர் பங்கில்லை. வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டார். அண்ணனின் அப்பத்தா, அதாவது ஆச்சிக்குப் பெரிய ஓரகத்தி, அவர் கல்யாணச் சாமான் சிட்டையின் நகல். பழுப்பேறிய தாள், பிசகாத கையெழுத்து. ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்க, அண்ணனும் தோழியும் எடுத்துக் காட்ட, நான் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.

"வெள்ளிக் குத்துவிளக்கு, ரெண்டு."

"இருக்கு அப்பத்தா."

"பித்தளை அண்டா, பெருசு ஒண்ணு, நடுத்தரம் ரெண்டு."

"இருக்கு."

"மங்குத் தூக்கு, அஞ்சடுக்கு, நாலு."

மூன்றுதான் இருந்தது. ஆச்சி நிமிர்ந்தார். பரணில் தேடி நாலாவதைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார். இப்படி மூன்று மணி நேரம். ஒரு கட்டத்தில் எனக்கு இடமும் நேரமும் மறந்துவிட்டது. இந்த வாரம் படித்த ஐந்து கதையிலும் இவ்வளவு ஊன்றி எதையும் நான் பின்தொடரவில்லை.

எல்லாம் சரியாக வந்தது. சிட்டையின் கடைசி வரியும் முடிந்தது. பெட்டகத்தின் அடியில் மட்டும் ஒன்று மிச்சம். மூங்கில் பின்னி அரக்குப் பூசிய, உள்ளங்கை இரண்டளவு வட்டப் பெட்டி. சிவப்பில் கறுப்புக் கோடு. பர்மா வேலை. அந்தச் சாமான்கள் இங்கே அதிகம்தான், கோயிலுக்குக் கொண்டுபோகும் தட்டு, பெட்டி என்று ஆச்சியிடமே இரண்டு இருக்கிறது. ஆனால் இது சிட்டையில் இல்லை. அண்ணன் திறந்தார். உள்ளே ஒரு பெண்ணின் தலைச்சீப்பு, தந்தமோ எலும்போ. அதன் மேல்பக்கம் சுருள் சுருளாகப் பர்மிய எழுத்து.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் அதை ஆச்சியிடம் கொடுத்தார்.

அண்ணனின் ஐயா ரங்கூன் பக்கம் கடை வைத்திருந்தவர், 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே திரும்பியவர்களில் ஒருவர். முகப்பில் வரிசையாக மாட்டிய படங்களில் இடமிருந்து இரண்டாவது. மதியம் சாப்பிட்டுப் படுத்தபோது மனசு அங்கேயே நின்றது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகள் திருப்பிக் கட்ட முடியாமல் நிலத்தை விட்டார்கள். 1930ல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார்களின் நிலம், 1938க்குள் 25 பங்கு ஆகிவிட்டது. கொடுத்த பணத்துக்கு நிலமாக வந்தது, அந்த நிலமும் பின்னால் போயிற்று. இரண்டு பக்கமும் இழப்புதான். இந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்து வியக்கும்போது அந்த விவசாயியின் நினைவு எனக்கு வந்ததில்லை. செட்டிநாட்டை வைத்து யாராவது நல்லதொரு துப்பறியும் நாவல் எழுதினால், அவர் வீடும் அதில் இருக்க வேண்டும். சாவி எங்கே என்ற கேள்வி இங்கே தொடங்கி ஐராவதி ஆற்றங்கரை வரைக்கும் போக வேண்டும். தத்துப் பிள்ளை கூட்டியது, பங்கு பிரித்தது, கணக்குப்பிள்ளை எழுதிய பேரேடு, போன கப்பல், வராத தபால், எல்லாம் இங்கேயே இருக்கிறது. எழுத ஆள்தான் வரவில்லை. யாராவது எழுதுங்கள், முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

நாளை காலை எனக்கு ரயில். நாய்க் கதையை ஆச்சிக்கே கொடுத்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு நேற்றே தொடங்கிவிட்டார், வாட்சன் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த இடம்வரை ஆயிற்று.

சாயங்காலம் எடுத்த சாமான்கள் காரில் ஏறின. மிச்சத்தை உள்ளே அடுக்கிவிட்டு அண்ணன் கதவைச் சாத்தப் போனார். ஆச்சி, "இருப்பா" என்றார். அரக்குப் பெட்டி அதுவரை அவர் மடியிலேயே இருந்தது. சீப்பை மெல்லிய துணியில் சுற்றி உள்ளே வைத்து, பெட்டியை மூடி அண்ணனிடம் நீட்டினார். அப்புறம் சிட்டையை விரித்து என்னிடம் கொடுத்தார். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, எழுத வருவதில்லை.

"கடைசி வரிக்குக் கீழ எழுதுத்தா. அரக்குப் பெட்டி, ஒண்ணு. சீப்பு, ஒண்ணு."

எழுதினேன். எனக்கு முன் எழுதியவரின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையது கோணலாகத் தெரிந்தது.

"பேர் போடவா ஆச்சி?"

"பேரு வேணாம். எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்."

அண்ணன் பெட்டியை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.